44 மேக்னத்துக்கு எந்த மருந்து: எச்110ஆ, 2400ஆ?

என் கராஜ் அலமாரியில் இரண்டு துப்பாக்கி வெடிமருந்து டப்பாக்கள் இருக்கின்றன. ஒன்று ஹாட்ஜ்டன் எச்110, பாதி மீந்தது. மற்றொன்று அலையன்ட் 2400, இது நான்காவது டப்பா. இந்தக் கணக்கிலேயே நான் எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும். அரிசோனாவில் ஒரு ரூகர் சூப்பர் பிளாக்ஹாக் ரிவால்வரை வைத்துக்கொண்டு, அதற்கான 44 மேக்னம் தோட்டாக்களை வீட்டிலேயே நிரப்பத் தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. தோட்டா நிரப்பும் பிரஸ்ஸைப் புதிதாக வாங்கியவர்கள் எந்த மருந்து வாங்கலாம் என்று கேட்டால் நான் சொல்லும் பதில் இது.

எத்தனை கிரெயின் (மருந்தையும் குண்டையும் நிறுக்கும் சிறிய எடை அலகு) என்று மட்டும் இதில் தேடாதீர்கள். மருந்தின் அளவு, குண்டின் எடை, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் மூன்றையும் தயாரிப்பாளரின் இன்றைய கையேட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். பழைய கையேடுகளில் 2400க்கு அச்சிட்ட அளவுகள் சில, இன்றைய உச்சவரம்பைத் தாண்டிவிடுகின்றன. அமெரிக்கத் துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத், 44 ஸ்பெஷல் என்ற பழைய தோட்டாவில் 2400ஐ நிரப்பிச் செய்து பார்த்த சோதனைகளின் தொடர்ச்சியாகத்தான் 1955இல் 44 மேக்னம் வந்தது. அவர் காலத்து அளவுகளைப் பாட்டன் சொத்துபோல இன்றும் கைமாற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. அந்தச் சொத்து வேண்டாம்.

இரண்டும் மெதுவாக எரியும் மருந்துகள். நீண்ட உறையும் கனமான குண்டும் உள்ள மேக்னத்துக்கு அதுதான் பொருத்தம். விலையிலும் பெரிய வேறுபாடில்லை. வின்செஸ்டர் 296 என்ற பெயரில் விற்பதும் எச்110தான், டப்பா மட்டும் வேறு. ஆகவே அதை மூன்றாவது போட்டியாளராகக் கணக்கில் சேர்க்கவில்லை.

எச்110இன் பெருமையைக் குறைத்துச் சொல்லமாட்டேன். முதலில் எம்1 கார்பைன் என்ற ராணுவத் துப்பாக்கியின் தோட்டாவுக்காக உருவான மருந்து இது. மணல்போல நுண்ணிய உருண்டைகள். அளவுக்கருவியில் தண்ணீராக இறங்கும். பத்து முறை இறக்கித் தராசில் வைத்தால் பத்தும் ஏறக்குறைய ஒரே எடை. கையேட்டு அளவில் நிரப்பி, குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராப் முன் சுட்டால், வேகம் தோட்டாவுக்குத் தோட்டா மிகக் குறைவாகத்தான் மாறுகிறது. உச்ச வேகமும் இதில்தான். முழு வலிமைத் தோட்டாவைத் தவிர வேறு எதையும் சுடப்போவதில்லை என்றால், மேற்கொண்டு படிக்காமல் இதையே வாங்கலாம்.

சிக்கல் அந்த 'முழு வலிமை'யில்தான் இருக்கிறது. எச்110 ஒழுங்காக எரிய உறைக்குள் அழுத்தம் சட்டென்று ஏற வேண்டும். அதற்கு மேக்னம் பிரைமர் வேண்டும், கனமான குண்டு வேண்டும், உறையின் வாய் குண்டை இறுகக் கவ்வும் அழுத்தமான கிரிம்ப்பும் வேண்டும். கல் குவாரி வேட்டில் மருந்தைக் கிட்டிப்பவருக்கு இது சொல்லாமலே புரியும்: இறுக்கம் போதவில்லை என்றால் வெடிக்காது, புகையும். பொதுவாக உச்ச அளவிலிருந்து பத்து சதவீதம் குறைத்துத் தொடங்கி மெல்ல ஏறுவதுதான் தோட்டா நிரப்புவோரின் பாலபாடம். எச்110க்கு அந்தப் பாடம் செல்லாது. மூன்று சதவீதத்துக்கு மேல் குறைக்காதீர்கள் என்பது ஹாட்ஜ்டன் நிறுவனத்தின் எச்சரிக்கை.

அந்த வரியைப் படித்திருந்தும் நான் மீறினேன். மணிக்கட்டு வலிக்கிறது, கொஞ்சம் மென்மையாக இருக்கட்டும் என்று எட்டு சதவீதம் குறைத்தேன். அன்று பிரஸ்ஸில் கிரிம்ப் போடும் அச்சான டையையும் சரியாக இறக்கியிருக்கவில்லை. மூன்றாவது தோட்டாவில் இடிபோல எழ வேண்டிய ஓசை 'புஸ்' என்று அடங்கியது. கையில் உதையே இல்லை. கட்டைவிரல் பழக்கத்தில், அடுத்த தோட்டாவுக்கு ரிவால்வரின் சுத்தியலை இழுக்கப் போய்விட்டது. ஏதோ உறுத்தி நிறுத்தினேன். குழாயைத் திடலின் பக்கமே வைத்தபடி ஒரு நிமிடம் காத்திருந்து, தோட்டாக்களைக் கழற்றினேன். மஞ்சள் படிந்த மருந்துக் கட்டிகள் சட்டகத்திலிருந்து கொட்டின. துப்புரவுக் கம்பியை முனைப் பக்கமாக விட்டால் பாதியில் முட்டி நின்றது. குண்டு குழாய்க்குள் உட்கார்ந்திருந்தது. சுத்தியலை இழுத்து இன்னொன்றைச் சுட்டிருந்தால் குழாய் வீங்கியிருக்கும், அல்லது பிளந்திருக்கும். தப்பு மருந்தினுடையது அன்று, முழுக்க என்னுடையது. ஆனால் அந்தத் தப்புக்கு எச்110 துளியும் இடம் கொடுக்கவில்லை.

என் தேர்வைத் தீர்மானித்தது இந்த ஒன்றுதான்: கீழே இறங்க எவ்வளவு இடம் இருக்கிறது? எல்லோரும் மேலே எவ்வளவு போகலாம் என்று பார்க்கிறார்கள். 44 மேக்னத்தின் அழுத்த வரம்பு 36,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு). அங்கே எந்த மருந்தும் மன்னிக்காது. கீழ்ப்பக்கத்தில்தான் மருந்துக்கு மருந்து குணம் மாறுகிறது. 2400இல் கையேட்டின் தொடக்க அளவுக்கும் உச்ச அளவுக்கும் நடுவே நடமாட நல்ல இடம் இருக்கிறது. 240 கிரெயின் வார்ப்பு ஈயக் குண்டோடு அந்த இடைவெளியின் நடுப்பகுதியில்தான் என் தோட்டாக்கள் எல்லாம் நிற்கின்றன. சாதாரண பிரைமருக்கே அளவுகள் கிடைக்கின்றன. 2020க்குப் பிறகு பிரைமர் அலமாரிகள் காலியாகக் கிடந்த மாதங்களில் இதன் அருமை தெரிந்தது.

எனக்கு இந்த நடுத்தர வலிமையே போதும். ஆண்டுத் தொடக்கத்தில் இங்கே கைத்துப்பாக்கிக்கும் வில்லுக்கும் அனுமதியுள்ள ஹாவலினா வேட்டைப் பருவம் வரும். பார்க்கப் பன்றிபோல இருந்தாலும் பன்றி இனமன்று; ஐம்பது பவுண்டு தேறினால் பெரியது. அதற்கு உச்ச வேகத்தில் மேக்னம் எதற்கு?

2400இல் குறைகளும் உண்டு. முழு அளவிலேயே எச்110ஐவிட வேகம் சற்றுப் பின்தங்கும், ஏற்றத்தாழ்வும் கொஞ்சம் கூடுதல். 25 கஜத்தில் தாளில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. 100 கஜத்தில் சுடுகிறவருக்குத் தெரியலாம். அளவு குறைந்தால் எரியாத துகள்கள் மிஞ்சும். என் ரூகரில் உறைகளை ஒவ்வொன்றாகத் தள்ளி எடுப்பதால் பெரிய தொல்லையில்லை. உருளை பக்கவாட்டில் திறக்கும் ரிவால்வரில் அந்தத் துகள் உறைகளை வெளித்தள்ளும் நட்சத்திர வடிவத் தகட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்தால், உருளை மூடாது. முனையை வானம் பார்க்க நிமிர்த்தி உறைகளைக் கொட்டினால் பெரும்பாலும் தப்பலாம். இன்னொன்று, மருந்தை அளவுக்கருவியில் இரவு முழுக்க விட்டுவைக்காதீர்கள். என் கருவியின் பிளாஸ்டிக் கூடு இப்போது தேநீர் நிறத்தில் இருக்கிறது.

யுனீக் என்ற மருந்தையும் சிலர் சிபாரிசு செய்வார்கள். மென்மையான தோட்டாவுக்கு அருமையான மருந்து, ஒரு பவுண்டில் நிறையத் தோட்டா தேறும். ஆனால் அந்தச் சிக்கனமே ஆபத்து: 44 மேக்னம் உறையில் தவறி இரண்டு முறை ஊற்றினாலும் ததும்பாமல் அடங்கிவிடும். 2400ஐயோ எச்110ஐயோ இருமுறை ஊற்றினால் மேசை முழுக்கச் சிந்தி, தானே காட்டிக்கொடுக்கும். எந்த மருந்தானாலும் குண்டை வைக்குமுன் ஐம்பது உறைகளையும் கட்டையில் வரிசையாக நிறுத்தி, டார்ச் அடித்து உள்ளே பார்க்கிறேன்.

அக்யுரேட் எண் 9 என்ற மருந்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: ஒரே ஒரு பவுண்டுதான் சுட்டிருக்கிறேன். எச்110போல ஒழுகுகிறது, அதைவிடக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது என்று தோன்றியது. ஒரு டப்பாவை வைத்துத் தீர்ப்புச் சொல்லமாட்டேன். உறைபனிக் குளிரில் இவை எப்படி நடந்துகொள்கின்றன என்பதை மொன்டானாக்காரர்களிடம் கேளுங்கள். எங்கள் ஊர்க் குளிரில் ஸ்வெட்டரே அதிகம்.

மீந்த எச்110ஐத் தூக்கிப் போடவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை, வேறு எந்த டப்பாவும் மேசையில் இல்லாத ஒரு நாளில், 300 கிரெயின் குண்டோடு கையேட்டு அளவில் ஐம்பது தோட்டா நிரப்புகிறேன். கிரிம்ப் டையை இறக்கி, முதல் தோட்டாவின் குண்டை மேசை விளிம்பில் அழுத்திப் பார்ப்பேன். அசையவில்லை என்றால்தான் இரண்டாவது.