நகரத் திட்டமிடலில் பிஎச்டி செய்ய க்யூஜிஐஎஸ் போதுமா?

நகர, வட்டாரத் திட்டமிடலில் பிஎச்டிக்குப் பதிவு செய்தவுடன் பலரும் கேட்பது எந்த மேப்பிங் சாஃப்ட்வேர் வாங்கலாம் என்றுதான். காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம், க்யூஜிஐஎஸ் தாராளமாகப் போதும். 2002-ல் கேரி ஷெர்மன் தொடங்கியது, முழுக்க இலவசம். அதைவிட முக்கியம், ஃபெல்லோஷிப் முடிந்து பல்கலைக்கழக லைசென்ஸ் கையைவிட்டுப் போன பிறகும் உங்கள் ஃபைல்கள் திறக்கும்.

சென்னையை எடுத்து ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு இதில் பெரிய வரம் ஜியோரெஃபரன்சர். ஸ்கேன் செய்த பழைய வரைபடத்தை இன்றைய நிலத்தின்மேல் சரியாக உட்கார வைக்கலாம். இதற்குப் பழைய வரைபடத்திலும் இன்றைய நிலத்திலும் ஒரே இடத்தைக் காட்டும் புள்ளிகளை வைக்க வேண்டும். அப்படிப் புள்ளி வைக்கும்போது சாலை முனைகளை நம்பாதீர்கள், எப்போதோ அகலப்படுத்தியிருப்பார்கள். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோவில் தெப்பக்குளம் மாதிரி மூலை தெளிவாக உள்ள குளங்கள், ரயில் பாதையைச் சாலை கடக்கும் பழைய இடங்கள், இவை நல்ல புள்ளிகள். அப்புறம், வரைபடத்தைப் பொருத்தும் முறைகளில் தின் பிளேட் ஸ்பிளைன் போட்டுப் பிழை பூஜ்யம் என்று வந்தால் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். அந்த முறை வரைபடத்தை வளைத்து இழுத்துப் புள்ளிகளில் ஒட்டிவிடும், அதனால் தவறாக வைத்த புள்ளியும் சரியானது போலவே தெரியும். முதலில் ஏழெட்டுப் புள்ளி வைத்து, வரைபடத்தை வளைக்காத பாலினோமியல் 1 முறையைப் போட்டு எது விலகி நிற்கிறது என்று பாருங்கள், வைவாவில் கேட்டால் தைரியமாகப் பதில் சொல்லலாம்.

பரப்பளவில் கவனம் தேவை. லேயர், அதாவது வரைபட அடுக்கு, அட்சரேகை தீர்க்கரேகை டிகிரியில் இருக்கும்போது area($geometry) ஃபங்ஷன் சதுர டிகிரியில் ஒரு எண்ணைக் கொடுக்கும், எச்சரிக்கை எதுவும் வராது. சென்னைக்கு, மீட்டரில் அளக்கும் யூடிஎம் 44 வடக்கு என்ற ஆயமுறைக்கு மாற்றிவிட்டு அளவெடுங்கள்.

எந்த சாஃப்ட்வேராலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. 2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது, வார்டுகள் 155-லிருந்து 200 ஆயின, ஆனால் அந்த வருட மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பழைய எல்லைப்படிதான். இன்டர்செக்ஷன் கருவி எல்லைகளை நொடியில் வெட்டித் தரும், சரி. அதை வைத்து மக்கள்தொகையைப் பரப்பளவுக்கு ஏற்பப் பிரித்தால் ஏரியிலும் ஆள் குடியிருப்பதாகக் கணக்கு வரும். கட்டடங்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்துப் பிரிப்பது உங்கள் வேலை, தீசிஸில் அந்த முறையை விளக்கியும் எழுத வேண்டும்.

ஷேப்ஃபைல் என்ற ஃபைல் வடிவத்தில் அட்டவணை நெடுவரிசையின் பெயர் பத்து எழுத்தைத் தாண்டாது, அதனால் ஜியோபேக்கேஜ் வடிவத்தில் சேமியுங்கள். இன்ஸ்டால் செய்யும்போது எல்டிஆர் (நீண்ட காலம் பிழைதிருத்தம் கிடைக்கும்) பதிப்பையே போடுங்கள், ஓர் அத்தியாயம் முடியும்வரை மாற்றாதீர்கள்.