லிங்கன் கான்டினென்டல்: மூன்று தலைமுறைகளில் முதலிடம் எதற்கு?

அமெரிக்க ஃபோர்டு நிறுவனத்தின் சொகுசுக் கார்ப் பிரிவான லிங்கனின் கான்டினென்டல் என்ற பெயர் 1939 முதல் 2020 வரை, நடுவில் சில இடைவெளிகளோடு, பத்துத் தலைமுறைக் கார்களின் மேல் இருந்திருக்கிறது. அந்தப் பெயருக்குக் கிடைத்திருக்கும் மரியாதையில் எல்லாத் தலைமுறைகளுக்கும் சம பங்கு கிடையாது. அதை உண்மையில் சம்பாதித்துக் கொடுத்தவை 1940-48 காலத்து முதல் கார், 1956-57இல் வந்த மார்க் 2, 1961இன் நான்காம் தலைமுறை ஆகிய மூன்றுமே. இவற்றுள் முதலிடம் 1961க்கே என்பது என் தீர்மானம்.

ஹென்றி ஃபோர்டின் மகன் எட்செல் ஃபோர்டு, புளோரிடாவில் விடுமுறையின்போது ஓட்டுவதற்காகத் தமக்கென ஒரு கார் கேட்டதிலிருந்துதான் முதல் கான்டினென்டல் பிறந்தது. வடிவமைப்பாளர் கிரெகரி, அப்போது விற்பனையில் இருந்த லிங்கன் செஃபிர் காரையே எடுத்துக்கொண்டு, பானட்டை நீட்டி, கூரையைத் தாழ்த்தி, ஸ்டெப்னியை டிக்கிக்குப் பின்னால் வெளியே நிமிர்த்தி வைத்தார். பார்த்தவர்கள் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்கவே, அது உற்பத்திக்கு வந்தது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1951இல் கார்களைக் கலைப்பொருளாகக் காட்சிக்கு வைத்தபோது, தேர்ந்தெடுத்த எட்டில் இதுவும் ஒன்று. அழகில் இதை விஞ்சுவது கடினம். ஆனால் உள்ளே இருந்த, பன்னிரண்டு சிலிண்டர்கள் கொண்ட வி12 இன்ஜின் அந்த அழகுக்கு ஈடாகவில்லை. சூடேறுவதும் எண்ணெய்க் கசடு சேர்வதும் அதன் தீராத குறைகளாக இருந்தமையால், பின்னாளில் பல உரிமையாளர்கள் அதைக் கழற்றிவிட்டு எட்டு சிலிண்டர் வி8 இன்ஜினைப் பொருத்திக்கொண்டார்கள்.

மார்க் 2 நேரெதிரான வழியில் வந்தது. எட்செலின் கடைசி மகன் வில்லியம் கிளே ஃபோர்டின் பொறுப்பில் கான்டினென்டலுக்கென்றே தனிப் பிரிவு அமைக்கப்பட்டு, செலவைப் பற்றிய கவலையின்றி அது உருவானது. சாதாரண ஃபோர்டு கார் சுமார் 2,000 டாலருக்குக் கிடைத்த நாளில், இதன் விலை ஏறத்தாழ 10,000 டாலர். அப்போதைய டெட்ராய்ட் கார்கள் வால்துடுப்புகளையும் குரோமியப் பட்டைகளையும் சுமந்து திரிந்த நேரத்தில், மார்க் 2இன் பக்கவாட்டில் ஏறக்குறைய எதுவுமே இல்லை. டிக்கி மூடியில் டயர் வடிவில் புடைத்திருக்கும் மேடு மட்டுமே முதல் காரை நினைவூட்டுகிறது. கட்டுமானத் தரத்தில் மூன்றில் இதுவே சிறந்தது என்று தயங்காமல் சொல்லலாம். ஆயினும் அந்த விலைக்கு விற்றும் ஒவ்வொரு காரிலும் நிறுவனத்துக்கு நட்டமே மிஞ்சியதால், சுமார் 3,000 கார்களோடு உற்பத்தி நின்றுபோனது. விற்றுத் தாக்குப்பிடிக்க முடியாத சிறப்பை முழு வெற்றியாக ஏற்க என்னால் முடியவில்லை.

அடுத்து வந்த 1958-60 கார்கள் ஏறத்தாழ 5.8 மீட்டர் நீளத்தில், சாய்ந்த முகப்பு விளக்குகளோடு, பெருத்துக் கிடந்தன. லிங்கனையே மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது அவற்றால்தான்.

1961இன் மதிப்பு இந்தப் பின்னணியில்தான் புரியும். வடிவமைப்பாளர் எல்வுட் எங்கல் குழுவினர் ஃபோர்டின் தண்டர்பேர்டு காருக்காகச் செய்து வைத்திருந்த மாதிரியைக் கண்ட ஃபோர்டு நிர்வாகி ராபர்ட் மெக்னமாரா, அதை நான்கு கதவுகள் கொண்ட லிங்கனாக மாற்றச் சொன்னார். புதிய கார் முந்தையதைவிட சுமார் 38 செ.மீ. குட்டையானது. முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான சக்கர இடைவெளி சுருங்கியதால் பின்னிருக்கையிலிருந்து இறங்குபவரின் கால் கதவில் இடித்தது. அதற்கான தீர்வாகத்தான் பின்கதவின் கீல் பின்பக்கம் போனது. இன்று ஆடம்பரத்தின் அடையாளமாகக் கருதப்படும் அந்த எதிரெதிர்க் கதவுகள், உண்மையில் இடநெருக்கடிக்குக் கண்ட விடை. தரத்திலும் இதே கவனம் தெரிகிறது: ஒவ்வொரு இன்ஜினும் மூன்று மணி நேரம் ஓட்டிச் சோதிக்கப்பட்டது, முடிந்த கார் ஏறத்தாழ 19 கி.மீ. சாலையில் ஓட்டிப் பார்த்த பிறகே வெளியேறியது. இரண்டு ஆண்டுகள் அல்லது 24,000 மைல் உத்தரவாதமும் உண்டு. முதல் காரின் அழகும் மார்க் 2இன் கட்டுமான ஒழுக்கமும் இதில் ஒன்றாகக் கூடின. முதல் ஆண்டிலேயே சுமார் 25,000 கார்கள் விற்றன.

1970இல் அந்தக் கதவுகள் போயின, பின்னர் நீளம் மீண்டும் கூடி 5.9 மீட்டரைத் தொட்டது. 1988இல் ஃபோர்டின் டாரஸ் காரோடு உறுப்புகளைப் பகிரும் முன்சக்கர இயக்கக் காராகவும் ஆனது. 2017இன் மறுவரவு சொகுசான கார்தான். ஆனால் கான்டினென்டலின் 80ஆம் ஆண்டு நினைவுப் பதிப்பாக முதலில் வெளிவந்த 80 கார்களுக்கும் 1961இன் கதவுகளையே கடன் வாங்க வேண்டியிருந்தது.

நான்காம் தலைமுறைக்குள்ளும் தேர்வு உண்டு. 1961-63 கார்களில் பக்கக் கண்ணாடிகள் உள்நோக்கி வளைந்திருக்கும். 1964இல் சக்கர இடைவெளியைக் கூட்டிப் பின்னிருக்கைக்கு இடம் தந்தபோது தட்டைக் கண்ணாடி வந்தது, வடிவத்தின் இறுக்கம் சற்றே தளர்ந்தது. ஆனால் 1965இல் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் கிடைத்தது. இரண்டு டன்னுக்கு மேற்பட்ட எடைக்கு அது அவசியமான ஒன்று. கூரையைத் திறந்து மூடக்கூடிய கன்வெர்ட்டிபிள் வகையில், கூரை ரிலே எனும் மின்விசைகளையும் ஹைட்ராலிக் பம்புகளையும் நம்பி டிக்கிக்குள் மடங்குவது, பழுதானால் சரிசெய்ய அனுபவமுள்ள கை வேண்டும். ஆகவே வைத்து ஓட்ட நினைப்பவருக்கு 1965இன் செடானையே பரிந்துரைப்பேன்.