பர்மிங்ஹாம் கெல்லி இங்ராம் பூங்காவும் எதிரே உள்ள அருங்காட்சியகமும்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள பர்மிங்ஹாமுக்குப் போகிறவர்கள் முதலில் பூங்காவைச் சுற்றிவிட்டு, பிறகு குடிமை உரிமைக் கழக அருங்காட்சியகத்துக்குள் நுழைவது நல்லது. 1963 மே மாதம் நிறப் பாகுபாட்டை எதிர்த்து ஊர்வலம் வந்த கறுப்பினப் பள்ளிப் பிள்ளைகளைப் போலீஸ் நாய்களை ஏவியும் தண்ணீரைப் பீய்ச்சியும் தாக்கியது இங்கேதான். உள்ளே படங்களைப் பார்க்கும்போது இடம் மனதில் இருக்கும்.

பூங்காவில் தவறவிடக் கூடாதது நாய்ச் சிற்பங்கள். இரண்டு சுவர்களுக்கு நடுவே குறுகலான நடைபாதை. இருபுறமிருந்தும் நாய்கள் பல்லைக் காட்டிப் பாய்கின்றன. ஓரமாக நின்று படமெடுத்தால் ஒன்றும் விளங்காது, நடுவே நடந்துதான் போக வேண்டும். ஒரு குறை: நாயை ஏவிய போலீஸ்காரர் இதில் இல்லை. அவரைப் பார்க்க, சிறுவனும் நாயும் உள்ள இன்னொரு சிலைக்குப் போக வேண்டும்.

தண்ணீர்ப் பீரங்கிச் சிற்பமும் உண்டு. அன்று இரண்டு குழாய்களின் நீரை ஒரே முனையில் சேர்த்து, மூன்று கால் தாங்கியில் பொருத்திப் பீய்ச்சினார்கள். மரப்பட்டையை உரிக்கும் வேகம் அது, குழந்தைகள் மீது! உத்தரவிட்டவர் நகரப் பொதுப் பாதுகாப்பு ஆணையர் புல் கானர்.

அருங்காட்சியகத்தில் மார்ட்டின் லூதர் கிங் அடைக்கப்பட்டிருந்த சிறை அறையின் கம்பிக்கதவு இருக்கிறது. அதற்கு நேரம் ஒதுக்குங்கள். எதிரே 16ஆம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயம். 1963 செப்டம்பர் 15 அன்று வெடித்த குண்டில் நான்கு சிறுமிகள் இறந்தது அங்கேதான்.