சாப்பாடா, பேச்சுத் துணையா?
இளவயது மனச்சோர்வுக்கு எது கைகொடுக்கும்? ஆஸ்திரேலியாவில் 18 முதல் 25 வயது வரையுள்ள 72 ஆண்களை வைத்து 12 வாரம் சோதித்தார்கள். முடிவு 2022-இல் வந்தது.

ஒரு பிரிவுக்குப் பேச்சுத் துணை. பிடித்த விஷயத்தைப் பேசலாம், அவ்வளவுதான். மறு பிரிவுக்கு மத்தியதரைக் கடல் நாட்டுச் சாப்பாடு: தட்டு நிறையக் காய்கறி, பயறு, தவிடு நீக்காத தானியம், கொழுப்புள்ள மீன், ஆலிவ் எண்ணெய், உப்பில்லாத கொட்டைப் பருப்புகள். சோர்வு நன்றாகக் குறைந்தது இவர்களுக்குத்தான்.

சரி, யாருக்கு எது என்பது அவர்களுக்கே தெரியும். அந்த நம்பிக்கையும் கொஞ்சம் உதவியிருக்கலாம். மருந்தை நிறுத்தவும் இது காரணமாகாது. ஆனாலும் சோர்ந்த பிள்ளை பசியைக்கூடச் சொல்லாது, கையில் கிடைத்த சிப்ஸோடு படுத்துவிடும். அதனால் நான் முதலில் தட்டைத்தான் கவனிப்பேன், பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே.