கசவில் ஒரு பிக்சல்

பொள்ளாச்சி நண்பன் நேற்று கேட்டான்: "டேய், நீ வச்சிருக்கிற கலர் பிக்கர் பாதி விலைக்கு வந்திருக்கு. வாங்கட்டுமா?" போனில் பேசினால் கத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

திரையில் கிளிக்கிய இடத்தின் நிறத்தை எண்ணாகச் சொல்லும் கருவி அது, 3 வருஷமாக என் பிரவுசரில் இருக்கிறது. முதல் 2 வருஷம் இலவசம், அப்புறம் சந்தா. கொழிஞ்சாம்பாறையில் உட்கார்ந்துகொண்டு எல்லைக்கு இரண்டு பக்கமும் உள்ள கடைகளுக்கு வலைப்பக்கம் செய்கிறவனுக்கு ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது இது வேண்டும். வேகம், பூதக்கண்ணாடி, எடுத்த நிறங்களை வரிசையாகச் சேர்த்து வைப்பது, எதிலும் குறையில்லை.

என் ஆத்திரமெல்லாம் ஒரு கிளிக்குக்கு அது எடுக்கிற அந்த ஒற்றைப் பிக்சல், அதாவது ஒற்றைத் திரைப்புள்ளி மேல்தான்.

போன ஓணத்துக்கு முன்னால் சித்தூரில் (ஆந்திரா சித்தூர் இல்லை, நம் பாலக்காட்டுச் சித்தூர்) ஒரு செட்டுமுண்டுக் கடைக்கு (கேரளப் பெண்கள் உடுத்தும் இரண்டு துண்டு உடை) வேலை. கசவுக்கரையின், அதாவது பொன் ஜரிகைக் கரையின், நிறத்தையே தலைப்புக்கு வைக்க வேண்டும் என்றார் கடைக்காரர். போட்டோவில் கரை மேல் கிளிக்கினேன்: 231, 205, 148 (சிவப்பு, பச்சை, நீலத்தின் அளவு). இரண்டு பிக்சல் தள்ளினால் 122, 88, 34, அதாவது காப்பிக்கொட்டை. இன்னும் கொஞ்சம் தள்ளினால் கிட்டத்தட்ட வெள்ளை. மணி பதினொன்று வரை கிளிக்கிக்கொண்டே இருந்தேன்.

ஃபோட்டோஷாப்பில் நிறம் எடுக்கும் ஐட்ராப்பரில், ஒற்றைப் பிக்சலுக்குப் பதில் 5-க்கு 5 பிக்சலின் சராசரியை எடுக்கும் வசதி உண்டு. இதில் அதைச் சந்தாவுக்குள் பூட்டி வைத்திருந்தார்கள். திட்டிக்கொண்டே பணம் கட்டினேன். சராசரி என்ன தந்தது தெரியுமா? 171, 143, 91. கடைக்காரர் திரையைப் பார்த்தார். "தம்பி, இது கசவா? போலீஸ்காரன் சட்டையாட்டமல்ல இருக்குது!"

அவர் சொன்னது சரி. ஜரிகைக்கு ஒரே நிறம் கிடையாது. வெளிச்சம் பட்ட இழை வெள்ளையடிக்கும், பக்கத்து இழை இருளும், அந்த வித்தியாசத்தைத்தான் கண் பொன் என்று பார்க்கிறது. சராசரி எடுத்தால் வித்தியாசம் போய்விடும், காக்கிதான் மிஞ்சும். இதோடு போட்டோவைச் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் முறை வேறு. வெளிச்சத்தைக் காக்கிற அளவுக்கு அது பெரும்பாலும் நிறத்தைக் காப்பதில்லை, கரையோரப் பிக்சல்களில் துணியின் நிறம் கலந்துவிடும். கடைசியில் அந்தத் துணியையே வாங்கி வந்து திண்ணையில் விரித்து, கண்ணால் பார்த்து இரண்டு நிறம் தேர்ந்தெடுத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மங்கவிட்டேன். பிக்கரைத் தொடவே இல்லை. அதற்கா சந்தா?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பிக்கரில் இரண்டு நிறத்தை எடுத்ததும் ஓரத்தில் சின்னதாக ஓர் எண் வரும், எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்ச வித்தியாசம். சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும் என்பது வலைத்தள அணுகல் விதி. போன் நம்பரும் பொன்னில்தான் இருக்க வேண்டும் என்று கடைக்காரர் ஒற்றைக் காலில் நின்றார். 212, 175, 55 பொன், 250, 243, 224 சந்தன வெள்ளை. எண் 1.9 காட்டியது. நான் வாதாடவில்லை. மத்தியானம் அவரைக் கடை வாசலுக்குக் கூட்டிப்போய் மொபைலைக் கையில் கொடுத்தேன். கையை நெற்றியில் வைத்து, கண்ணைச் சுருக்கி, தள்ளிப் பிடித்து, கிட்டப் பிடித்து... தன் கடை நம்பரையே அவரால் படிக்க முடியவில்லை. "கருப்பாவே போட்டுருங்க தம்பி." அடர் பழுப்பு வைத்தேன், எண் 11-ஐத் தாண்டியது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். பாதி விலைக்கும் வாங்காதே. ஐட்ராப்பரை வலைப்பக்கமே அழைக்கும் வசதி குரோமில் 2021-லேயே வந்துவிட்டது, அதற்குக் காசில்லை. என் சந்தா அடுத்த மாதம் முடிகிறது. கட்டிவிடுவேன், அதைப் பற்றி மட்டும் கேட்காதே.