ஊர்வலமா, வாக்குச்சீட்டா: ஈராக் போரும் பிரிட்டன் வாக்காளரும்

ஈராக் போரை விரும்பாத பிரிட்டன் குடிமக்கள் பலர், அன்றைய பிரதமர் டோனி பிளேரின் தொழிற்கட்சி அரசின் மீதான சினத்தைத் தெருவில் காட்டுவதா, தேர்தலில் காட்டுவதா என்று தயங்கினர்.

வேகம்: 2003 பிப்ரவரி 15 அன்று லண்டனில் திரண்டோர் காவல்துறைக் கணக்கிலேயே ஏறத்தாழ 7,50,000 பேர். வாக்குச்சீட்டுக்கோ 2005 மே வரை காத்திருக்க நேர்ந்தது.

செலவு: ஊர்வலத்துக்குக் குளிரில் ஒரு சனிக்கிழமை போதும். வாக்குக்குக் கொடுத்த விலை பெரிது. எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவ்களும் போரை ஆதரித்ததால், பரம்பரைத் தொழிற்கட்சிக் குடும்பத்தார் பலர் போரை எதிர்த்த லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு வாக்களிக்க வேண்டியதாயிற்று.

பலன்: 2003 மார்ச் 18 அன்று நாடாளுமன்றம் 412-க்கு 149 என்ற கணக்கில் போருக்கு ஒப்புதல் அளித்தது, ஆயினும், போருக்கான காரணம் நிறுவப்படவில்லை என்ற திருத்தத்தை ஆளுங்கட்சியினர் 139 பேர் ஆதரித்ததில் தெருவின் அழுத்தத்துக்குக் கணிசமான பங்கு உண்டு என்றே கருதுகிறேன். 2005 தேர்தல் தொழிற்கட்சியின் பெரும்பான்மையை 167-இலிருந்து 66-ஆகக் குறைத்தது. பிளேர் பதவியில் நீடித்தார் என்பது வேறு விஷயம்.

முடிவெடுக்கும் முன் உறுப்பினர்களை அசைக்க ஊர்வலமே ஏற்றது; முடிவெடுத்தவர்களிடம் கணக்குக் கேட்க, தாமதமானாலும், வாக்குச்சீட்டே பொருத்தம்.