சுறாத் தொட்டிக்குள் ஸ்கூபா: பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள்

மீன் காட்சியகத்தின் பெரிய தொட்டிக்குள் இறங்கிச் சுறாக்களுக்கு நடுவே, முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு ஸ்கூபா செய்யலாம், முன்அனுபவம் தேவையில்லை, 45 நிமிடம், புகைப்படமும் கிடைக்கும் என்ற விளம்பரத்தைப் பார்த்து ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் தங்கையும் அப்படி ஓர் இடத்தில் பணத்தையும் கொடுத்து, அவள் காதையும் புண்ணாக்கிக்கொண்டு வந்தோம். புகார் நடந்துகொண்டிருப்பதால் இடத்தின் பெயரைப் போடவில்லை. பெயர் தெரிந்தாலும் பெரிய பயனில்லை. அவர்கள் கையாண்ட உத்திகள் எந்தத் தொட்டியிலும் செல்லுபடியாகும்.

நான் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியவன், கடலில் இறங்கிப் பழகியவன். தங்கைக்கு இது முதல் முறை. அலையும் இல்லை, நீரோட்டமும் இல்லை, தண்ணீர் கண்ணாடி போல இருக்கும், புதியவர்களுக்குத் தொட்டிதான் நல்லது என்று அவளுக்குச் சொன்னேன். அந்தக் கருத்து இப்போதும் மாறவில்லை. ஒழுங்காக நடத்துகிற இடமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பதாகையில் ஒரு திமிங்கிலச் சுறா, அதன் வயிற்றுக்குக் கீழே கைவிரித்து மிதக்கும் ஒரு பெண். அந்தத் தொட்டியில் திமிங்கிலச் சுறா கிடையாது, இருக்கவும் வழியில்லை. அந்த மீனை வைத்துப் பராமரிக்கும் காட்சியகங்கள் உலகிலேயே மிகச் சில. அமெரிக்காவின் ஜார்ஜியா காட்சியகத்தில் அதற்கான தொட்டி கொள்வது சுமார் 2.4 கோடி லிட்டர். ஜப்பானின் ஒகினாவா சுராவுமியில் 75 லட்சம் லிட்டர். கேட்டபோது, "அது மாதிரிப் படம் சார்" என்றார்கள். பதாகையின் ஓரத்தில் எறும்பு எழுத்தில் அப்படியும் போட்டிருந்தது.

"நான்கு மீட்டர் சுறாக்கள்" என்பது அடுத்த புளுகு. உள்ளே இருந்தவை சாண்ட் டைகர் சுறாக்கள், ஒரு நர்ஸ் சுறா, துடுப்பு நுனி கறுத்த சிறிய ரீஃப் சுறாக்கள் சில. சாண்ட் டைகர் நன்றாக வளர்ந்தாலும் மூன்று மீட்டரைச் சற்றே தாண்டும். வாயை மூடினாலும் பல் வெளியே தெரிவதால் பார்க்கப் பயங்கரமாக இருக்கும்; குணத்தில் மந்தமான, அமைதியான மீன். மேற்பரப்புக்கு வந்து காற்றை விழுங்கி வயிற்றில் வைத்துக்கொண்டு, அசையாமல் மிதப்பதைக் காண அழகு. தண்ணீருக்குள் மாஸ்க் வழியாகப் பார்க்கும் எதுவும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், இருக்கும் தூரத்தில் கால் பங்கு குறைந்து நெருக்கமாகவும் தெரியும். ஆக, மீனை மீனாகவே காட்டினாலும் வாடிக்கையாளர் வாய்பிளந்திருப்பார். அதற்கு மேலும் பொய் எதற்கு என்பது எனக்குப் புரியவில்லை.

இதெல்லாம் வியாபாரப் பேச்சு என்று விட்டுவிடலாம். வரவேற்பு மேசையில் நடந்ததை அப்படி விட முடியாது.

பணம் கட்டிய பிறகு ஒரு டேப்லெட்டை நீட்டி, "கீழே கையெழுத்துப் போடுங்கள்" என்றார்கள். திரையில் கடைசிப் பக்கம் மட்டும் இருந்தது. நான் மேலே தள்ளிப் பார்த்தேன். மருத்துவக் கேள்விகள்: ஆஸ்துமா உண்டா, இதயக் கோளாறு உண்டா, காதில் அறுவைச் சிகிச்சை நடந்ததா, சைனஸ் தொல்லை உண்டா, வலிப்பு வந்ததுண்டா, கர்ப்பமா. ஒவ்வொன்றுக்கும் எதிரே "இல்லை" என்று அவர்களே குறியிட்டு வைத்திருந்தார்கள். உலகெங்கும் ஸ்கூபா பயிற்சி மையங்களில் பயன்படுத்தும் படிவத்தில் கவலைக்குரிய ஒரு கேள்விக்கு "ஆம்" என்று வந்தாலே மருத்துவர் கையெழுத்து இல்லாமல் தண்ணீரில் இறக்கக் கூடாது. அந்தத் தொல்லை வரக்கூடாது என்றுதான் இந்த ஏற்பாடு.

தங்கை வெளிப்படையாகவே சொன்னாள்: "எனக்குச் சளி இன்னும் முழுதாக விடவில்லை." மேசையில் இருந்தவர் சிரித்தார். "ஐந்து மீட்டர் ஆழம்தானே மேடம், அதெல்லாம் ஒன்றும் ஆகாது. சுறாவுக்குப் பயமில்லை என்றால் போதும்."

இந்த ஒரு வாக்கியத்தில்தான் மொத்த ஏமாற்றும் அடங்கியிருக்கிறது. ஆழம் குறைவு என்றால் அழுத்தம் குறைவு என்று தோன்றும். காதுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. கடல்மட்டத்தில் நம்மீது இருக்கும் அழுத்தம் ஓர் அட்மாஸ்பியர். பத்து மீட்டர் இறங்கினால் இரண்டு. முதல் பத்து மீட்டரிலேயே அழுத்தம் இரட்டிப்பாகிவிடுகிறது. முப்பதிலிருந்து நாற்பதுக்குப் போகும்போது நான்கு ஐந்தாகிறது, அவ்வளவே. நடுச்செவிக்குள் அடைபட்ட காற்று நான்கு மீட்டர் ஆழத்திலேயே கால் பங்குக்கு மேல் சுருங்கிவிடும். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி, தொண்டையிலிருந்து செவிக்குப் போகும் குழாய் வழியாகக் காற்றை அனுப்பிச் சமன் செய்தால் ஒன்றுமில்லை. சளியால் அந்தக் குழாய் வீங்கியிருந்தால் காற்று போகாது. செவிப்பறை உள்நோக்கி இழுபடும், வலிக்கும், அதற்கு மேலும் இறங்கினால் இரத்தம் கசியும், கிழியவும் கூடும். ஆக, ஆபத்து சுறாவின் வாயில் இல்லை, நம் மூக்கில் இருக்கிறது.

விளக்க வகுப்பு என்று ஒன்று நடந்தது. பெரும்பகுதி சுறாக்களைப் பற்றியே: கையை நீட்டாதீர்கள், பளபளக்கும் நகை வேண்டாம், பதறிக் கைகாலை உதறாதீர்கள். சரி. ஆனால் காதைச் சமன் செய்வதைப் பற்றி, "காது அடைத்தால் மூக்கைப் பிடித்து ஊதுங்கள்" என்று ஒரே வரி. எப்போது ஊத வேண்டும்? வலி தொடங்குமுன், தலை தண்ணீருக்குள் போன கணத்திலிருந்து, ஒவ்வோர் அரை மீட்டருக்கும். அதை யாரும் சொல்லவில்லை. ஸ்கூபாவின் முதல் விதியான, மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பதும் வரவில்லை. அழுத்தக் காற்றைச் சுவாசித்துவிட்டு மூச்சை அடக்கி மேலேறினால் நுரையீரலுக்குள் காற்று விரியும்; ஒன்றரை மீட்டருக்கும் குறைவான ஆழத்திலேயே நுரையீரல் காயம்பட்டதாக மருத்துவப் பதிவுகள் உண்டு. தங்கைக்கு அதை நான்தான் உடை மாற்றும் அறையின் வாசலில் வைத்துச் சொன்னேன்.

சாதனங்களைப் பார்த்தேன். சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் என் ரெகுலேட்டரின் கடிவாய் ரப்பரில் ஒரு பக்கம் முந்தையவர் பல்லால் கடித்துத் துண்டாகியிருந்தது. நிரம்பிய சிலிண்டரில் ஏறத்தாழ 200 பார் அழுத்தம் காட்ட வேண்டிய மானி 90இல் நின்றது. மானியைப் பார்த்தபடியே இரண்டு மூச்சு இழுத்துப் பார்ப்பது என் வழக்கம். முள் ஆடினால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை என்று அர்த்தம். தங்கையின் மானியில் முள் ஆடியது. நானே திறந்துவிட்டேன். "ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கிறது சார்" என்றார் வழிகாட்டி. சிலிண்டரில் இருப்பது சாதாரணக் காற்று. வழிகாட்டியாக நிற்பவருக்கே அது தெரியவில்லை என்பதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது. ஆறு பேருக்கு அவர் ஒருவர். ஸ்கூபா பயிற்சி அமைப்புகளில் பெரியதான பாடி (PADI), திறந்த நீரில் முதல் முறை இறங்குகிறவர்களை ஒரு பயிற்றுநருக்கு நான்கு பேருக்கு மேல் அனுமதிப்பதில்லை. இது தொட்டி, அந்த விதி அப்படியே பொருந்தாது என்று வாதிடலாம். வாதிடட்டும், பின்னால் நடந்ததைப் பாருங்கள்.

தண்ணீருக்குள் போன பிறகுதான் கம்பிவலை தெரிந்தது. தொட்டியின் ஒரு மூலையை எஃகு வலையால் தடுத்து, அதற்குள் எங்களை நிறுத்தினார்கள். சுறாக்களும் திருக்கைகளும் ராட்சதக் களவாவும் வலைக்கு அந்தப் பக்கம். எங்கள் பக்கம் சின்ன மீன்கூட இல்லை. விளம்பரத்திலோ ரசீதிலோ இந்த வலையைப் பற்றி ஒரு சொல் கிடையாது. வலைக்குள் நின்று பார்ப்பது தப்பான ஏற்பாடும் அல்ல. அதை அப்படியே சொல்லி, அதற்கேற்ற கட்டணம் வாங்க வேண்டும். வெளியே கண்ணாடிக்கு முன்னால் நின்றவர்கள் எங்களைவிட நன்றாகவே பார்த்திருப்பார்கள்.

நர்ஸ் சுறா வலையை ஒட்டித் தரையில் படுத்திருந்தது. இரவில் நடமாடும் மீன் அது; செவுள் வழியே தானே நீரை இழுத்துவிட்டுக்கொள்ளும் திறன் இருப்பதால் பகலில் அப்படிக் கிடக்கும். வழிகாட்டி ஒரு பிளாஸ்டிக் கோலை வலைக்குள் விட்டு அதன் விலாவில் குத்தினார், எழுந்து நீந்தினால் படம் எடுக்கலாம் என்று. அது இரண்டு முறை நகர்ந்து படுத்தது. மூன்றாம் முறை வாலை ஓங்கி வலையில் அறைந்துவிட்டுப் போனது. நர்ஸ் சுறாக்கள் மனிதரைக் கடித்த நிகழ்வுகளில் பெரும்பாலானவை இப்படிச் சீண்டியதால் நடந்தவை. கடித்தால் எளிதில் விடாது. "கையை நீட்டாதீர்கள்" என்று வகுப்பெடுத்ததும் இதே ஆள்தான்.

இதற்கிடையில் தங்கை காதைச் சுட்டிக்காட்டி, விரித்த கையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். ஏதோ சரியில்லை என்பதற்கு உலகம் முழுக்க ஒரே சைகை அதுதான். அவர்கள் சுவரில் ஒட்டிய படத்திலும் இருந்தது. வழிகாட்டி பதிலுக்கு "சரி" என்று விரலை வளைத்துக் காட்டி, அவள் மிதவைச் சட்டையின் பட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார், எல்லோரும் ஒரே மட்டத்தில் நின்றால் குழுப் படம் நன்றாக வரும் என்று. நான் வரிசையின் கடைசியிலிருந்து போய்ச் சேர்வதற்குள் அவள் தரையைத் தொட்டுவிட்டாள். மாஸ்க்குக்குள், மூக்கின் ஓரமாக, மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று. அவளைப் பிடித்து, மூச்சை விட்டுக்கொண்டே மெல்ல மேலே கொண்டுவந்தேன். காது மருத்துவர் பார்த்துவிட்டு, செவிப்பறை கிழியவில்லை, பின்னால் இரத்தம் கசிந்திருக்கிறது என்றார். சரியாகச் சில வாரங்கள் பிடித்தன. வலியைவிட, பக்கத்தில் நின்று பேசுவதே தூரத்திலிருந்து வருவது போலக் கேட்டதுதான் அவளை மிகவும் கலங்கடித்தது.

மேலே வந்ததும் அவர்கள் முதலில் கேட்டது, "படத் தொகுப்பு வேண்டுமா?" விளம்பரத்தில் இருந்த "புகைப்படம்" என்பது காசு கொடுத்தால் கிடைக்கும் புகைப்படமாம். சொந்தக் கேமரா கூடாது, வெளிச்சம் பட்டால் சுறா மிரளும் என்று முன்பே தடுத்திருந்தார்கள். ஆதாரமாகவாவது இருக்கட்டும் என்று வாங்கினேன். வாங்கியது நல்லதாகப் போயிற்று.

படத்தில் வலையைக் காணவில்லை. எனக்குப் பின்னால், தோளுக்கு மேல், ஒரு சாண்ட் டைகர் சுறா திரும்பிப் பார்க்கிறது. வால் துடுப்பின் மேல்மடலில் சிறிய வெட்டு. பக்கத்தில் நின்ற குடும்பத்தினரும் தங்கள் படத்தைக் காட்டி மகிழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் தோளுக்கு மேலும் அதே சுறா, அதே திருப்பம், அதே வெட்டு. பல்லிடுக்கில் தொங்கிய நூல் போன்ற ஒன்றுகூட இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தது. வலையை அழித்துவிட்டு, எல்லோர் பின்னாலும் ஒரே சுறாவை ஒட்டிக் கொடுக்கிறார்கள். அந்தக் குடும்பத்துப் பெரியவர் இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அவர் அனுமதியோடு அவர் படத்தின் பிரதியையும் வாங்கிக்கொண்டேன்.

என் கையில் கட்டியிருந்த டைவ் கம்ப்யூட்டர் காட்டியது: அதிகபட்ச ஆழம் 3.9 மீட்டர், நீருக்கடியில் 12 நிமிடம். மீதி 33 நிமிடம் எங்கே என்றதற்கு, கையெழுத்து, உடை மாற்றுவது, வகுப்பு, துவட்டிக்கொள்வது எல்லாம் சேர்த்துத்தான் "45 நிமிட அனுபவம்" என்றார் மேலாளர். வலை எதற்கு? "உங்கள் பாதுகாப்புக்குத்தான் சார், சுறா அல்லவா?" கேமரா ஏன் கூடாது? சுறா. ஒரே வழிகாட்டி ஏன்? கூட்டம் கூடினால் சுறா மிரளும். தங்கையின் காதுக்கு மட்டும் சுறா காரணமில்லை. அதற்கு, "எல்லாவற்றுக்கும் இல்லை என்று கையெழுத்திட்டிருக்கிறீர்கள்" என்றார். குறியிட்டது யார் என்று கேட்டேன். கணினி அமைப்பு என்றார்.

போக நினைப்பவர்கள் தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள்: நீருக்கடியில் மட்டும் எத்தனை நிமிடம், சுறாக்களுக்கும் நமக்கும் நடுவே வலை உண்டா, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், தண்ணீருக்கு மேலே நின்று கவனிக்கத் தனி ஆள் உண்டா. மருத்துவப் படிவத்தை முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்கள். ஒழுங்கான இடங்கள் கேட்காமலே அனுப்புகின்றன. மேற்சொன்ன ஜார்ஜியா காட்சியகத்தில் ஸ்கூபாவாக இறங்கச் சான்றிதழ் வேண்டும். மற்றவர்களுக்கு மேற்பரப்பில் நீந்தும் ஏற்பாடு தனியாக இருக்கிறது. திரும்பும் விமானம் எப்போது என்று அவர்களே கேட்டால் நம்பலாம். ஒரே ஒரு முறை இறங்கினாலும் குறைந்தது 12 மணி நேரம் பறக்க வேண்டாம் என்பது ஸ்கூபா செய்பவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலெர்ட் நெட்வொர்க்கின் பரிந்துரை. எங்களிடம் கேட்கவில்லை. சளி இருந்தால் தேதியை மாற்றுங்கள், மாற்ற மறுத்தால் அந்த இடமே வேண்டாம்.

டைவ் கம்ப்யூட்டர் பதிவு, இரண்டு படங்கள், மருத்துவர் சீட்டு, விளம்பரத்தின் நகல் ஆகியவற்றோடு வங்கியிலும் நுகர்வோர் குறைதீர் அமைப்பிலும் புகார் கொடுத்தேன். படத் தொகுப்புக்கான பணம் திரும்ப வந்துவிட்டது. நுழைவுக் கட்டணத்துக்குப் பதிலாக "இன்னொரு முறை பாதிக் கட்டணத்தில் வாருங்கள்" என்று கடிதம் அனுப்பினார்கள், மறுத்துவிட்டேன். அந்தத் தொகையும் மருத்துவச் செலவும் இன்னும் விசாரணையில் இருக்கின்றன. முடிவு வந்ததும் இங்கேயே சேர்க்கிறேன்.